மெஹருன்னிசா கேட்ட அனுமதி

போன மாதம் நான் வேலை பார்த்த பழைய இன்சூரன்ஸ் கிளையிலிருந்து போன் வந்தது. புது ஏஜெண்டுகளுக்கு வகுப்பு நடக்கிறதாம். நாற்பத்தொன்றாம் பிரிவைப் பற்றி நான் வந்து அரை மணி நேரம் பேச வேண்டுமாம். "சட்டம் சட்டம்னு போரடிக்காம, உங்க சர்வீஸ்ல நடந்த ஒரு நல்ல அனுபவமா சொல்லுங்க சார். மதியம் சாப்பாடு இருக்கு" என்றார் இப்போதைய அதிகாரி. உடம்பு சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. அந்தப் பிரிவு சம்பந்தமாக என்னிடம் இருப்பது ஒரே ஒரு அனுபவம். அதை நல்ல அனுபவம் என்று எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுக்கச் சொல்லி யாரும் யாருக்கும் கமிஷனிலோ பிரீமியத்திலோ பங்கு தரக்கூடாது. தந்தால் குற்றம். வாங்கிக்கொண்டாலும் குற்றம். இன்சூரன்ஸ் சட்டத்தில் இதுதான் நாற்பத்தொன்றாம் பிரிவு. பாலிசிக்கான விண்ணப்பப் படிவத்தில் இதைப் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். என் முப்பத்தாறு வருட சர்வீஸில் அதை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட ஆளை நான் பார்த்ததில்லை. இப்போது இதற்கு அபராதம் பத்து லட்சம் வரை போகலாம் என்று மாற்றியிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் அதிகபட்சம் ஐந்நூறு ரூபாய். அந்த ஐந்நூறைக் கூட யாரும் கட்டி நான் பார்க்கவில்லை.

எழுத்தராகச் சேர்ந்தது, டிபார்ட்மெண்ட் பரீட்சை எழுதியது, வெளியூர் போய்த் திரும்பியது எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு, தனியார் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடை விரித்துக்கொண்டிருந்த சமயத்தில், நிர்வாக அதிகாரியாகத் தாம்பரம் பக்கம் ஒரு கிளைக்கு வந்து சேர்ந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டு மேல் மாடிக் கட்டடம். ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹாரன், மூடினால் புழுக்கம். போட்டி வந்துவிட்டது, டார்கெட், டார்கெட் என்று மேலே இருப்பவர்கள் கத்துவார்கள். நாங்கள் கீழே இருப்பவர்களைப் பார்த்துக் கத்துவோம்.

எங்கள் மேனேஜர் மட்டும் கத்த மாட்டார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. சட்டைப் பையில் பேனா இருக்கும். ஆனால் ஃபைலில் எழுதுவதெல்லாம் பென்சிலில்தான். எந்தக் காகிதத்தை வைத்தாலும் ஓரத்தில் சின்னதாக 'பேசவும்' என்று பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்புவார். போய் உட்கார்ந்தால், என்ன செய்ய வேண்டும் என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். "இதுல நீங்க ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருப்பீங்களே" என்பார். நாம் உளறுவோம். அவர் நினைத்ததை நாம் சொல்லும்வரை சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டே இருப்பார். சொன்னதும், "அப்படியே நோட் போட்டுடுங்க" என்பார். நோட் நம் கையெழுத்தில் பேனாவில் இருக்கும். 'பேசவும்' ரப்பரில் போய்விடும். இருபது வருடம் அவர் மேல் ஒரு மெமோ கிடையாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிளையின் ராஜா, ஏஜெண்ட் தேவராஜ். பெருங்களத்தூரின் பழைய குடும்பம். வயலெல்லாம் அடுக்குமாடியாகிவிட்டது, கையில் காசு புரண்டது. ஏஜென்சி அவருக்குப் பிழைப்பு இல்லை, கௌரவம். வருடா வருடம் கிளையில் முதலிடம், மாலை, மேடை, வெளிநாட்டுப் பயணம். வித்தை ஒன்றுதான். பாலிசி எடுப்பவரின் முதல் தவணையை அவரே கட்டிவிடுவார். முதல் வருடக் கமிஷன்தான் பெரிது, கட்டிய பணத்தில் ஒரு நல்ல பங்கு அதில் அவருக்குத் திரும்பி வந்துவிடும். மீதி கைக்காசு. இதற்கு ரிபேட் என்று பெயர். ஒளிவு மறைவே கிடையாது. கவுண்ட்டரில் நின்றுகொண்டு, "இன்னா சார், ஃபர்ஸ்ட்டு டியூ நம்ம கணக்கு, கையெழுத்து மட்டும் அவங்கள்து" என்று சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். தீபாவளிக்கு அவர் ஸ்வீட் பாக்ஸ் எல்லா மேஜைக்கும் வரும்.

மெஹருன்னிசாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பம்மலில் வீடு. கணவர் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அது மூடியபின் வீட்டிலேயே ஒரு தையல் மெஷின் போட்டு பர்ஸும் பெல்ட்டும் தைத்துக்கொண்டிருந்தார். அந்த வருமானத்தில் அரிசிதான் வாங்கலாம். மூத்த பெண் நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டாள். அந்தப் படிப்புக்காகவே இவர் ஏஜெண்டானார். மார்க்கத்தில் ஆகாத வட்டி சமாச்சாரம் என்று சொந்தக்காரர்களில் சிலர் முகம் சுளித்தார்களாம். "பிச்சை எடுக்கலையே, வேலைதானே பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டாராம். கறுப்பு ஹேண்ட்பேக், தண்ணீர் பாட்டில், ஷேர் ஆட்டோ. இவருடைய பாலிசிதாரர்கள் எல்லாம் சின்னச் சின்னவர்கள்: இட்லி மாவு அரைத்து விற்பவர், பள்ளிக்கூட ஆயா, தோல் வெட்டுபவர். தவணை நாள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் வீடு வீடாகப் போய் ஞாபகப்படுத்துவார். எங்கள் கிளையிலேயே பாலிசி காலாவதி ஆவது மிகக் குறைவாக இருந்தது இவரிடம்தான். அதற்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை.

இன்னொன்று. படிவத்தில் இருந்த பொடி எழுத்தை இவர் படிப்பார். கையெழுத்துப் போடுபவருக்கும் படித்துக் காட்டுவார். ஏஜெண்டுகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பம்மலில் தோல் கையுறை தைக்கும் ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. பன்னிரண்டு பெண்கள். ஆறு மாதம் அவர்களுடைய மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் போய்ப் பேசி, எல்லோரையும் பாலிசி எடுக்கச் சம்மதிக்க வைத்திருந்தார் மெஹருன்னிசா. அந்த நேரம் பார்த்துத் தேவராஜின் ஆள் அங்கே போய், முதல் தவணை இலவசம் என்று சொல்லிவிட்டான். பெண்களுக்கு மூத்தவளாக இருந்த கலா இவரிடம் நேராகவே பேசியிருக்கிறாள். "அக்கா, இவ்ளோ நாளா நீதான் வந்துகினு கீற, உன்கிட்டதான் போடணும்னு கீது. ஆனா அவங்க சும்மா தராங்க. நீயும் குடுத்துட்டா பேஜாரே இல்ல." பன்னிரண்டு பாலிசி என்றால் பெண்ணின் இரண்டாம் வருட ஃபீஸ். இவர் கலாவின் முதல் தவணையைத் தன் கையிலிருந்து கட்டிவிட்டார். ஒன்றே ஒன்று. மற்ற பதினொன்றுக்கும் கட்டுவதற்கு முன்னால் மனசு கேட்காமல் என் மேஜைக்கு வந்தார்.

மார்ச் மாதம். வருடக் கடைசியில் எங்கள் ஆபீஸ் எப்படி இருக்கும் என்று உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மேஜை மேல் விண்ணப்பங்கள் கழுத்தளவு. அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"சார், ரிபேட் எல்லாரும் குடுக்கறாங்க. நான் மட்டும் குடுக்கலேன்னா பிசினஸே வர மாட்டேங்குது. குடுத்தா தப்புன்னு ஃபாரத்துல போட்டிருக்கு. நான் என்ன செய்யறது?"

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்: "எழுதிக் குடுங்கம்மா, பார்க்கலாம்."

அரசு ஆபீஸ், பேங்க், எங்களைப் போன்ற ஆபீஸ் எங்கே போனாலும் இந்த வாக்கியத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'எழுதிக் கொடுங்கள்' என்றால் 'இப்போது கிளம்புங்கள்' என்று அர்த்தம். நூறு பேரிடம் சொன்னால் தொண்ணூற்றொன்பது பேர் எழுத மாட்டார்கள், விஷயம் முடிந்தது. மெஹருன்னிசா எழுதினார்.

தாலுகா ஆபீஸ் எதிரே மனு அடித்துக் கொடுக்கும் டைப்பிங் கடையில் உட்கார்ந்து, சுத்தமாக ஒரு பக்கம் அடித்து வாங்கி வந்தார். பொருள்: ரிபேட் வழங்க அனுமதி கோருதல். 'மேற்படி கலா என்பவருக்கு முதல் தவணையை நான் கட்டியுள்ளேன். இது விதிக்குப் புறம்பானது என்று அறிவேன். மற்ற முகவர்கள் அனைவரும் வழங்கி வருவதால் எனக்கும் அனுமதி வழங்குமாறு, அல்லது அனைவரையும் நிறுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' தப்பையும் ஒப்புக்கொண்டு, செய்ய அனுமதியும் கேட்டு, ஊரையும் திருத்தச் சொல்லி, ஒரே பக்கத்தில்! டைப்பிங் கடைக்காரர் வழக்கப்படி கடைசியில் 'நகல்: கோட்ட அலுவலகம்' என்று சேர்த்திருக்கிறார். எல்லா மனுவுக்கும் அவர் அப்படிப் போடுவார். இவர் அதையும் உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டு, நகலைத் தபாலில் அனுப்பிவிட்டார்.

கடிதம் தபால் பிரிவில் முத்திரை வாங்கி, பதிவேட்டில் எண் ஏறி, மேனேஜரிடம் போய், 'பேசவும்' என்று என்னிடம் வந்தபோதுதான் படித்தேன். உள்ளே போனேன்.

"நம்பர் போட்டுட்டாங்களா?" என்றார் மேனேஜர்.

"போட்டாச்சு சார்."

"நகலும் போயிருக்கு."

"போயிருக்கு சார். கோட்ட ஆபீஸ்ல யாரும் கண்டுக்க மாட்டாங்க."

"காலைல போன் வந்தாச்சு. என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு கேக்கறாங்க." பென்சிலை மேஜை மேல் உருட்டிக்கொண்டே இருந்தார். "இதுல நீங்க ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருப்பீங்களே."

நான் உளற ஆரம்பித்தேன். எல்லா ஏஜெண்டுக்கும் ஒரு எச்சரிக்கை சுற்றறிக்கை விடலாம் என்றேன். சிரித்தார். இந்தம்மாவைக் கூப்பிட்டு, கடிதத்தை வாபஸ் வாங்கச் சொல்லலாம் என்றேன். "வாபஸ் வாங்கினா, ஏன் வாபஸ்னு கேப்பாங்க" என்றார். கடைசியில் விசாரிக்கலாம் என்றேன். "அப்படியே நோட் போட்டுடுங்க. விசாரணை அதிகாரி நீங்களே. உங்களுக்குத்தான் அவங்களை நல்லாத் தெரியும்." எழுந்தபோது ஒன்று சேர்த்துச் சொன்னார். "கடிதத்துல ரெண்டு பகுதி இருக்கு. ஒண்ணு அவங்க செஞ்சது, ஒத்துக்கிட்டாங்க. இன்னொண்ணு மத்தவங்க செஞ்சது, பேரும் இல்லை, தேதியும் இல்லை. ஒத்துக்கிட்டதை மட்டும் விசாரிச்சாப் போதும். பேரில்லாததுக்கு என்ன விசாரணை?"

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இந்த ஏழை சொல் ஏறியது. ஏறின அம்பலத்தில் அவரையே கட்டிப்போட்டார்கள்.

விசாரணை என் மேஜையில்தான். கேள்வியை நான் எழுதிக் கேட்க வேண்டும், பதிலை அவர் சொல்லச் சொல்ல எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். கையுறைக் கம்பெனி கலாவையும் கூப்பிட்டிருந்தேன். சட்டப்படி வாங்கினவளும் குற்றவாளி என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள் போல. அவள் வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "அந்தக்கா ஏன் இத்தப் போயி எழுதிக் குடுத்துச்சு? யாராவது எழுதுவாங்களா?" என்றாளாம். ஊரே கேட்ட கேள்வி அதுதான்.

நான் கேட்டதும் அவர் சொன்னதும் இன்னும் எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது.

"ரிபேட் கொடுப்பது குற்றம் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். தெரிஞ்சதாலதான் அனுமதி கேட்டேன்."

"குற்றத்துக்கு யாரும் அனுமதி தர முடியாதே?"

"எல்லாரும் செய்யறாங்களே, அவங்களுக்கு யாரோ தந்திருப்பாங்கன்னு நினைச்சேன்."

நான் பேனாவை நிறுத்தினேன். இதை எப்படி எழுதுவது? 'அனுமதி உண்டு என்று தவறாகக் கருதினேன்' என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இது நான் சொன்னது இல்லையே சார்" என்றார். மடியில் கனமில்லாதவர்களோடு வேலை செய்வது பெரிய தொந்தரவு. அடித்துவிட்டு, அவர் சொன்னதையே எழுதினேன்.

"மற்ற முகவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் யார்?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "பேர் சொல்ல விரும்பலை சார். நான் செஞ்சதை நான் சொன்னேன். அவங்க செஞ்சதை அவங்க சொல்லட்டும்."

எனக்கு அப்போது வந்தது நிம்மதிதான். இதை மறைத்து என்ன ஆகப் போகிறது? தேவராஜ் என்று ஒரு பெயர் அந்தக் காகிதத்தில் ஏறியிருந்தால், மார்ச் மாத டார்கெட்டில் பாதி அவருடையது, மேனேஜர் என்னை வெட்டிப் போட்டிருப்பார். அறிக்கையின் கடைசி வரியை நானே, யாரும் சொல்லிக் கொடுக்காமல், பேனாவில் எழுதினேன்: 'இக்கிளையில் வேறு எந்த முகவரும் ரிபேட் அளித்ததாகத் தெரியவரவில்லை.' மேனேஜர் படித்துவிட்டுத் தலையாட்டினார். முதல் தடவையாக ஒரு காகிதத்தில் 'பேசவும்' எழுதாமல் நேரே கையெழுத்துப் போட்டார்.

ஐந்நூறு ரூபாய் அபராதம் போட்டிருந்தால் மெஹருன்னிசா எங்காவது கடன் வாங்கியாவது கட்டிவிட்டுப் போயிருப்பார். அபராதம் போடவில்லை. ஏஜென்சியை ரத்து செய்தார்கள். சேர்ந்து ஐந்து வருடம் நிறைந்திருந்தால், எங்கள் விதிப்படி, பழைய பாலிசிகளின் கமிஷனாவது நின்றிருக்கும். அவருக்கு நான்கு மாதம் குறைந்தது. அதுவும் போயிற்று. அந்த நான்கு மாதக் கணக்கைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். பெண் நர்ஸிங்கை இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பல்லாவரம் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குப் போனாளாம்.

கோட்ட அலுவலகத்திலிருந்து 'உடனடி நடவடிக்கைக்குப் பாராட்டு' என்று மேனேஜருக்குக் கடிதம் வந்தது. கையுறைக் கம்பெனியின் பதினொரு பெண்களும் தேவராஜிடம் போனார்கள். முதல் தவணை இலவசம். அடுத்த தவணைக்கு ஞாபகப்படுத்த ஆள் போகவில்லை. அதில் எத்தனை பாலிசி உயிரோடு இருந்தது என்று நான் தேடிப் பார்க்கவில்லை. தேடிப் பார்க்கப் பயமாக இருந்தது.

லைசென்ஸையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்க மெஹருன்னிசா வந்த நாளைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். மதியம் மூன்று மணி இருக்கும். அதே கறுப்பு ஹேண்ட்பேக். இரண்டையும் வைத்துவிட்டு, கோடு போட்ட தாள்கள் நாலைந்தையும் நீட்டினார். அவருடைய பாலிசிதாரர்களின் பெயர், தெரு, தவணை நாள், எந்த நேரத்தில் போனால் வீட்டில் இருப்பார்கள், எல்லாம் எழுதியிருந்தது.

"இவங்களுக்கு யாராவது ஞாபகப்படுத்தணும் சார். மாவு விக்கிற அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, லெட்டர் வந்தாலும் எடுத்து உள்ள வெச்சுடுவாங்க. யாரைப் போடப் போறீங்களோ, அவங்ககிட்ட குடுத்துடுங்க."

யாரைப் போட்டாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். மேனேஜர் அன்று காலையிலேயே அந்தப் பாலிசிகளைத் தேவராஜ் பெயருக்கு மாற்றச் சொல்லியிருந்தார். நான் அதைச் சொல்லவில்லை. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போல இருந்தது. வாய் சும்மா இருக்குமா? அவர் மேலேயே பழியைப் போட்டுப் பேசினேன்.

"நீங்க ரெண்டு பேர் பேரைச் சொல்லியிருந்தா, இவ்ளோ தூரம் வந்திருக்காதும்மா. உங்களை மட்டும் தனியாப் பிடிச்சிருக்க முடியாது. ஏன் சொல்லலை?"

அவர் கோபப்படவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார்.

"சொல்லியிருந்தா உங்களையும் சொல்லணும் சார். உங்க பொண்ணு பாலிசிக்கு முதல்ல என்னைத்தான் கூப்பிட்டீங்க. எவ்ளோ விட்டுத் தருவீங்கம்மான்னு கேட்டீங்க. அப்படிக் குடுக்கக் கூடாது சார்னேன். பொழைக்கத் தெரியாத ஆளும்மா நீங்கன்னு சிரிச்சீங்க. அடுத்த வாரம் தேவராஜ் சார்கிட்ட போட்டீங்க. விசாரணையை நீங்க எழுதிட்டு இருக்கீங்க, எதிர்ல உட்கார்ந்து உங்க பேரை எப்படி சார் சொல்றது?"

சத்தியமாக எனக்கு அது ஞாபகமே இல்லாமல் போயிருந்தது. அவர் சொன்னதும் எல்லாம் வந்தது: அந்தச் சிரிப்பு, நான் சொன்ன அதே வார்த்தை. 'வர்றேன் சார்' என்று அவர் படியிறங்கிப் போனார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்தப் பாலிசி மூன்று வருடத்துக்கு முன்னால் முதிர்வடைந்தது. போனஸோடு முழுத்தொகையும் பேங்கில் வந்து விழுந்தது. என் பெண் போன் பண்ணி, "தேங்க்ஸ்ப்பா, எவ்ளோ வருஷம் விடாம கட்டியிருக்கீங்க" என்றாள். முதல் தவணையை நான் கட்டவில்லை என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.